தையல் கற்க எந்த வழி? தனித்து வாழும் தாய்மார்களுக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண் தையல் கற்று அதில் பிழைக்கலாம் என்று முடிவெடுத்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அவளுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. கோயிலோ இயக்கமோ கட்சியோ நடத்தும் இலவச வகுப்பு ஒன்று. அரசாங்கப் பயிற்சி நிலையம் இரண்டாவது. மாதச் சம்பளத்துக்குத் தொழிற்சாலையிலோ பட்டறையிலோ தையல் வரிசையில் உட்காருவது மூன்றாவது. ஓடிக்கொண்டிருக்கும் டெய்லர் கடையில் கைவேலைக்குச் சேர்ந்து கற்பது நான்காவது. நான் இங்கே தையல் கடை நடத்துகிறேன். நான்காவது வழியில் கற்றவள், அந்த வழியில் சிலருக்குக் கற்றும் கொடுக்கிறேன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

விசாரிக்க வருகிற பெண்கள் முதலில் கேட்பது “சர்டிபிகேட் கிடைக்குமா அக்கா?” அடுத்து “இலவசமா?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. வகுப்பு நேரத்தில் உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்த வகுப்பில் துணி வெட்டும் கத்தரிக்கோல் உங்கள் கைக்கு வருமா? இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் மற்றதைப் பேசலாம்.

ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்த காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிற தாய், பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனாள். எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்தபோது, லயத்தோடு ஆயாக்கொட்டகையும் கைவிட்டுப் போனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டத்தில் நம் பெண்களுக்கு இருந்த வேலையும் சுருங்கிவிட்டது. இப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், சம்பாதிப்பதில் ஒரு பெரும்பங்கு அங்கேயே போய்விடும். தமிழ்ப்பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒரு மணி வாக்கில் விடுகிறது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இல்லாத ஒருத்திக்குக் கையில் இருப்பது காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரைதான். எந்தப் பயிற்சி இந்த நேரத்துக்குள் அடங்கும் என்று பார்த்தாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். நம் பக்கம் லைனிங் இல்லாத சாதாரணச் சேலை ரவிக்கைக்குக் கூலி 35 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். நூல், கொக்கி, மின்சாரம், கெட்டுப்போன துண்டுத்துணி என்று 7 வெள்ளி கழித்தால் 28 வெள்ளி மிஞ்சும். அரசாங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.17 வெள்ளி ஆகிறது. ரவிக்கை தைத்து மட்டும் அந்த 1,700ஐ எட்ட வேண்டுமானால் மாதம் 61 ரவிக்கை தைக்க வேண்டும், ஒரு நாள் விடாமல் தினம் இரண்டு. கை பழகியவள் ஒரு ரவிக்கையை இரண்டரை மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 11 வெள்ளி வருகிறது, நல்ல காசு. புதிதாகக் கற்றவளுக்கு அதே ரவிக்கை நான்கு மணி நேரம் பிடிக்கும். அப்போது மணிக்கு 7 வெள்ளிதான், பேரங்காடியில் காசாளராக நிற்பதைவிடக் குறைவு. தையல் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. முதல் வருடத்தில் தையலை மட்டும் நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகப் போட்டேன். வேகம் வரும்வரை வீட்டு வாடகையையும் பள்ளி வேன் காசையும் வேறு ஏதோ ஒன்று தாங்க வேண்டும்.

இலவச வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல மனதோடு நடத்துகிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வாரம், நான்கு வாரம் என்று நடக்கும். இயந்திரத்தில் நூல் கோர்ப்பது, நேர்த்தையல், தலையணை உறை, ஒரு பை, கடைசியில் ஒரு பாவாடை. முடிவு விழாவில் சிலருக்கு இயந்திரம் கிடைக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் சிக்கல். அளவெடுத்து, காகிதத்தில் வரைந்து, துணியில் வெட்டிப் பழகாதவள் அந்த இயந்திரத்தை வைத்து என்ன செய்வாள்? விளிம்பு மடிப்பாள், கிழிந்ததைத் தைப்பாள். இப்படிக் கிடைத்த இயந்திரங்களில் உறை போட்டு மூலையில் நிற்பவற்றைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் பயம் தெளியப் போகலாம். போகும்போது நடத்துகிறவர்களிடம், வகுப்பு முடிந்ததும் முதல் ஆர்டர் யார் தருவார்கள் என்று கேளுங்கள். கோயில் திருவிழாவுக்குத் தொண்டர்களின் சீருடை, பாலர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு உடை என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிற வகுப்பு இருந்தால், அது மற்றவற்றைவிடப் பல மடங்கு மேல்.

தொழிற்சாலை வழியை நம்மில் பலர் பயிற்சியாகவே நினைப்பதில்லை. ஆயத்த ஆடைத் தொழில் இந்த நாட்டில் ஜொகூரின் பத்து பகாட் பக்கம் வலுவாக இருக்கிறது. நம் பக்கம் அந்த அளவு இல்லையென்றாலும் சீருடை, திரைச்சீலை, சோபா உறை தைக்கிற பட்டறைகள் உண்டு. இதில் கிடைப்பது முதல் மாதத்திலிருந்தே சம்பளம். சேமநிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு போகும், முதலாளி 13 விழுக்காடு கட்டுவார், சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதியும் உண்டு. மாதம் 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் சேமநிதி மட்டுமே 221 வெள்ளி. வீட்டில் தைக்கிறவளுக்கு இதை யாரும் கட்டப் போவதில்லை. வேகமாக ஓடும் ஜூக்கி மாதிரி இயந்திரங்களில் கை பழகிவிடும். அந்த வேகத்தை வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் பெற முடியாது.

குறையும் பெரியது. காலர் வைக்க உட்கார்ந்தால் வருடம் முழுக்கக் காலர்தான், பாக்கெட் என்றால் பாக்கெட்தான். வெட்டும் மேசை வேறு அறையில் இருக்கும், அங்கே உங்களை விட மாட்டார்கள். வேன் விடியற்காலையில் வந்து இருட்டிய பிறகு திரும்ப விடும். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்கு, உடனே காசு வேண்டியவர்களுக்கு, இது மதிப்பான வழி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருப்பவளுக்குப் பொருந்தாது.

அரசாங்கப் பயிற்சியில் இரண்டு விதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கியாட்மாரா போன்ற நிலையங்களில் முழுநேரமாகப் படிக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலையிலிருந்து மாலை வரை, ஆறு மாதம் ஒரு வருடம் என்று போகும். பாடம் ஒழுங்காக இருக்கும், வரைபடம் போடுவதிலிருந்து தொடங்குவார்கள், கத்தரிக்கோல் நிச்சயம் கைக்கு வரும். பாடமொழி மலாய். பூமிபுத்ராக்களுக்கான (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) அரசாங்க அமைப்பான மாராவின் கீழ் உள்ள நிலையம் என்பதால் அவர்களுக்கே முதலிடம். நம்மவர்கள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், நேரில் போய் இந்த முறை நமக்கு இடம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். இந்த மாதிரி முழுநேரப் படிப்பின் பெரிய பலன் எஸ்.கே.எம். எனும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ். அதில் முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்கும் ஐந்தும் டிப்ளோமா. நாளைக்கு நீங்களே ஒரு நிலையத்தில் பயிற்றுநராக வேண்டுமானால் மூன்றாம் நிலை இல்லாமல் நடக்காது.

ஆனால் ஒரு விஷயம் நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. எஸ்.கே.எம். பெற வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பல வருடம் வேலை செய்தவர்கள், தங்கள் வேலையைப் படங்களோடும் குறிப்புகளோடும் கோப்பாகத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து அதே சான்றிதழைப் பெறலாம். பி.பி.தி., அதாவது முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் முறை, என்று கேட்டால் தொழில்திறன் மேம்பாட்டு இலாகாவில் விளக்குவார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் முறைதான் இது. ஆகவே சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மட்டும், பிள்ளையை எங்கேயோ விட்டுவிட்டு இன்றைக்கே ஒரு வருடத்தை ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் தொழில், பிறகு காகிதம் என்று வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு நீங்கள் தைக்கும் ஒவ்வொரு நல்ல உடையையும் கைப்பேசியில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள், அவ்வளவுதான் இப்போதைக்குச் செய்ய வேண்டியது.

இரண்டாவது விதம் சமுதாயக் கல்லூரி. 2001 முதல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டவை, நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. இவை பொதுமக்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் குறுகிய வகுப்புகள் நடத்துகின்றன. கட்டணம் குறைவு, வயது பார்ப்பதில்லை, இனம் பார்ப்பதில்லை. இரண்டு நாளில் யாரும் டெய்லர் ஆகிவிட முடியாது. ஓரளவு தெரிந்தவள் ஒரு குறிப்பிட்ட உடையைச் சரியான முறையில் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான இடம் கிடையாது.

இப்போது டெய்லர் கடை. ஒரு கடையில் சேர்ந்தால் முதல் மாதம் என்ன செய்வீர்கள்? கொக்கி வைப்பீர்கள், காஜா எடுப்பீர்கள், சேலைக்கு ஃபால்ஸ் தைப்பீர்கள், தப்பாகத் தைத்ததைப் பிரிப்பீர்கள். பிரிப்பதுதான் உண்மையான பாடம். ஒரு ரவிக்கையைப் பிரித்து மேசையில் பரப்பினால், எந்தத் துண்டு எப்படி வெட்டப்பட்டது, அக்குள் வளைவு எங்கே திரும்புகிறது, உடம்புக்கு ஏற்பப் பிடிக்கும் டக் மடிப்பு எந்தப் புள்ளியை நோக்கிப் போகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் மாதம் பாவாடை, சட்டை சுருக்குவது, சீருடைக் கால்சட்டைக்கு விளிம்பு. ஒரு விளிம்புக்கு 8 வெள்ளி வாங்கினால், பதினைந்து இருபது நிமிட வேலைக்கு அது ரவிக்கையைவிட நல்ல கூலி. புதியவளுக்கு முதலில் காசு தருவது இந்தச் சின்ன வேலைகள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடையில் உண்மையான உடம்புகள் வருகின்றன. வகுப்பில் வரையும் ரவிக்கை முப்பத்தாறு அளவுக்கு அழகாக உட்காரும். கடைக்கு வருகிற அம்மாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். இருபது வருடம் பால்வாளி சுமந்த தோள் அது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு முன்பக்கம் கொக்கி வேண்டும். மார்பு அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர், வெளியே தெரியாத மாதிரி தைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். இதையெல்லாம் எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தராது. வாடிக்கையாளரிடம் பேசுவது, முன்பணம் வாங்குவது, சொன்ன தேதியில் கொடுப்பது, பொருந்தவில்லை என்று கோபத்தோடு திரும்பி வருகிறவரை உட்காரவைத்துத் திருத்திக் கொடுப்பது என்று தொழிலின் பாதி இங்கேதான் இருக்கிறது.

இந்த வழியின் ஆபத்தையும் மறைக்க மாட்டேன். சில கடைகளில் இரண்டு வருடம் ஆனாலும் கொக்கி வைக்கத்தான் விடுவார்கள். வெட்டுவது முதலாளியின் கையை விட்டு வராது. கற்றுக்கொண்டால் பக்கத்துத் தெருவில் கடை போட்டுவிடுவாள் என்ற பயம். கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் கூலி இல்லாமல் வேலை வாங்குவதும் நடக்கிறது. சேருவதற்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். எந்த மாதத்திலிருந்து வெட்டக் கற்றுத் தருவீர்கள்? என் கையால் முடிந்த வேலைக்கு எத்தனை வெள்ளி? பள்ளி விடும் நேரத்தில் நான் போகலாமா? பழைய துணியில், பிறகு மலிவுத் துணியில், பிறகு உங்கள் சொந்த ரவிக்கையில் வெட்டிப் பார்க்க மூன்றாம் மாதத்துக்குள் விடாத கடையில் இருக்காதீர்கள். தைக்க மட்டும் தெரிந்தால் மற்றவர் வெட்டித் தருவதற்குக் காத்திருந்து கூலி வாங்க வேண்டியதுதான். விலை சொல்கிற உரிமை வெட்டுகிறவளுக்கே வருகிறது.

கடை வழியில் இன்னொரு குறையும் இருக்கிறது. நம் கடைகள் பெரும்பாலும் ரவிக்கையும் பஞ்சாபி உடையும்தான் கற்றுத் தருகின்றன. இந்த ஊரில் தையலில் பிழைக்க வேண்டுமானால் மலாய்ப் பெண்கள் உடுத்தும் தொளதொளப்பான நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங் தெரியாமல் முடியாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். ரவிக்கைக்குத் தீபாவளி, பொங்கல், கல்யாண மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கடை காற்று வாங்கும். பாஜு கூரோங்குக்கோ நோன்புப் பெருநாள் இருக்கிறது, மலாய்க் கல்யாணங்கள் இருக்கின்றன, அலுவலகம் போகும் பெண்கள் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள், இடைநிலைப்பள்ளி மாணவிகளின் வெள்ளைச் சட்டையும் நீலப்பச்சைப் பாவாடையும் இருக்கின்றன. நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வருவதால், இப்போதெல்லாம் அது தீபாவளியிலிருந்து நன்றாக விலகி ஆண்டின் முன்பகுதியில் விழுகிறது. இரண்டு பெருநாளுக்கும் தைக்கத் தெரிந்தவளுக்கு வருடத்தில் இரண்டு அறுவடை.

அதுவுமில்லாமல் கற்கிறவளுக்குப் பாஜு கூரோங் எளிது. நான்கு மீட்டர் துணி, பெரும்பாலும் நேர்வெட்டு, டக் கிடையாது. உடலை ஒட்டிப் பிடிக்காத உடை என்பதால் அரை அங்குலம் பிசகினாலும் உடுத்துகிறவர் மன்னித்துவிடுவார். ரவிக்கையில் அரை அங்குலம் பிசகினால் கொக்கி போடவே முடியாது. அக்குளில் வைக்கும் கெகெக் என்ற சின்னச் சதுரத்துண்டு, பக்கவாட்டில் விரியும் பெசாக், பாவாடையின் ஒரு பக்க மடிப்பு, இந்த மூன்றும் கைக்கு வந்தால் உடை வந்துவிட்டது. கழுத்தில் தூலாங் பெலுட் என்று விலாங்கின் முள்ளைப்போல் பின்னும் கைத்தையலைப் பிறகு கற்கலாம். அதற்குத் தனிக்கூலி கேட்கலாம். சமுதாயக் கல்லூரியின் இரண்டு நாள் வகுப்பு சரியாகப் பயன்படும் இடம் இது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. பிள்ளைகள் சிறியவர்கள், ஏதோ ஒரு பகுதிநேர வேலையோ உதவித்தொகையோ இருக்கிறது என்றால், காலை நேரத்துக்கு ஒரு கடையில் சேருங்கள், இடையில் பாஜு கூரோங்குக்குச் சமுதாயக் கல்லூரிக்குப் போய் வாருங்கள், மூன்று நான்கு வருடம் கழித்து பி.பி.தி. வழியாகச் சான்றிதழ் வாங்குங்கள். இந்த மாத வாடகைக்கே வழியில்லை, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள் என்றால் தொழிற்சாலைக்குப் போங்கள்; சனிக்கிழமைகளில் யாரிடமாவது வெட்டு கற்றுக்கொள்ளுங்கள். வயது இருபதுகளில், அம்மா வீட்டில் இருக்கிறீர்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டு என்றால் தயங்காமல் முழுநேரப் படிப்பில் சேர்ந்து நேராக எஸ்.கே.எம். எடுங்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கும்போது என் கடையில் உட்கார்ந்து கொக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இயந்திரத்துக்குக் காசு எங்கே என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். கற்கும்போது இயந்திரம் வாங்காதீர்கள், கடையில் இருப்பதில் பழகுங்கள். வாங்கும்போது பூ வேலை, நூறு விதத் தையல் என்று ஆசை காட்டும் சிறிய வீட்டு இயந்திரத்தைவிட, நேர்த்தையல் மட்டும் போடும் பழைய தொழிற்சாலை இயந்திரம் மேல். ஆயிரம் வெள்ளியைச் சுற்றி நல்லது கிடைக்கும், நாள் முழுக்க ஓட்டலாம். அடுத்த பெருநாள் காசில், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் வாங்கலாம்.

சமூக நல இலாகாவில் தொழில் தொடங்க 2,700 வெள்ளி வரை மானியம் உண்டு. இது கடன் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான மாத உதவியும் அங்கேதான்: ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குச் சற்றுக் கூடுதல், ஏழிலிருந்து பதினெட்டு வரை சற்றுக் குறைவு, குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 வெள்ளி. இந்த உதவி வந்தால் கற்கிற காலத்தைத் தாண்டிவிடலாம் என்பதால், தையல் வகுப்பைத் தேடுவதற்கு முன்னால் இந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள். கணவர் இறந்தவர்களிடமும் மணவிலக்கு பெற்றவர்களிடமும் அதைக் காட்டக் காகிதம் இருக்கும். சொல்லாமல் விட்டுப்போனவரின் மனைவியிடம் எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் தனியாகப் போய் முதல் மறுப்பிலேயே திரும்பிவிடாமல், விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ கடன் திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கத்தின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் வழியாக, இந்தியர்களுக்கான ஸ்பூமி கடனும் இருக்கிறது. நல்ல திட்டங்கள்தான், ஆனால் மாதம் இருபது வாடிக்கையாளராவது நிலையாக வரும்வரை தொடாதீர்கள். கடன் தவணைக்கு ஆடி மாதம் தெரியாது. ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பவே கூடாது.

வீட்டில் தைத்தாலும் தொழிலைச் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளிதான். பதிவு இருந்தால்தான் பள்ளியோ நிறுவனமோ சீருடை ஆர்டர் கொடுக்கும். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் முடிந்ததைப் போட்டு வந்தால் அரசாங்கமும் தன் பங்காக வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. வயதான காலத்துக்கு நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

குறுகிய வகுப்புகளுக்குப் போதிய ஆள் சேர்ந்தால்தான் நடத்துவார்கள். ஒருத்தியாகப் போய்க் கேட்பதைவிடப் பதினைந்து பெயர் எழுதிய தாளோடு போனால் காலை நேரத்தில் பாஜு கூரோங் வகுப்பு கேட்க முடியும். அந்தத் தாளை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் மைகார்ட் (அடையாள அட்டை) நகலோடு கடைக்கு வாருங்கள். பிள்ளையை விட ஆள் இல்லையென்றால் கூட்டிக்கொண்டே வாருங்கள்.